சுவிட்சுக்கு எதற்கு முகவரி?

ஓடிக்கொண்டிருக்கும் ஈதர்நெட் சுவிட்ச் ஒன்றுக்குள் தொலைவிலிருந்து நுழைந்து, அதன் ஐபி முகவரியை அழித்துப் பாருங்கள். அலுவலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிரிண்டர் ஓடும், ஃபைல்கள் போகும் வரும், வீடியோ அழைப்பில் இருப்பவர் பேச்சை நிறுத்தமாட்டார். அறுந்துபோவது ஒரே ஒரு இணைப்பு, முகவரியை அழித்தவருடையது.

சுவிட்சில் ஐபி அமைப்பது பற்றிய பயிற்சிக் குறிப்புகள் இந்த உண்மையைத் தாண்டி நேராகக் கட்டளைகளுக்குப் போய்விடுகின்றன. கணினிக்கு முகவரி கொடுக்கிற மாதிரிதானே இதுவும் என்ற எண்ணம் அங்கேயே வேர்விடுகிறது. பிறகு வரும் குழப்பங்களில் பாதிக்குமேல் அந்த எண்ணத்திலிருந்து முளைப்பவை. கணினிக்கு முகவரி இல்லையென்றால் வேலையே இல்லை. சுவிட்சின் முகவரி அதைப் பராமரிக்கும் ஆளுக்காக இருக்கிறது. அதனால் எந்த எண், எந்த விலான் (சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்), நிலையான முகவரியா, சர்வர் தானாக வழங்கும் டிஎச்சிபியா என்ற கேள்விகளை எல்லாம் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்பது என் கட்சி: நெட்வொர்க் படுத்துவிட்ட நேரத்தில் அந்த ஆளால் உள்ளே போக முடியுமா, முடியாதா?

கொஞ்சம் வரலாறு. 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கியபோது, எல்லா இயந்திரங்களும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. நடுவில் கருவி என்று தனியாக ஒன்றும் இல்லை. சந்தைக்கு வந்த முதல் ஈதர்நெட் சுவிட்ச் என்று சொல்லப்படுவது 1990இல் கல்பனா என்ற நிறுவனம் விற்ற ஏழு போர்ட் ஈதர்சுவிட்ச். நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. அந்தப் பெட்டி செய்த வேலையைத்தான் இன்றைய சுவிட்சும் செய்கிறது. வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து, அது எந்த போர்ட்டில் வந்தது என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுபவர் அட்டவணையில் இருந்தால் அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால் வந்த வழியைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுகளிலும் விடும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகைகளில் ஒரு குறிப்பு 300 விநாடி தொடப்படாமல் கிடந்தால் அழிந்துபோகும். இதில் எங்கேயும் ஐபி வரவில்லை. கடையில் வாங்கும் ஐந்து போர்ட், எட்டு போர்ட் சாதாரண சுவிட்சுகளுக்கு முகவரியே கிடையாது. அவை ஆண்டுக்கணக்கில் மேசைக்கு அடியில் கிடந்து ஓடுகின்றன.

முகவரியின் தேவை மேலாண்மையோடு வந்தது. 1988இல் எஸ்என்எம்பி நெறிமுறை வெளியானபின், எந்த போர்ட்டில் எவ்வளவு போகிறது, எங்கே பிழை ஏறுகிறது என்று ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்றானது. கேட்பதற்குக் கேட்கப்படும் கருவிக்கு முகவரி வேண்டும். டெல்நெட், அதன்பின் வெப் பக்கம், பிறகு எஸ்எஸ்எச் எல்லாம் அதே கதவைப் பயன்படுத்தின. ஆகவே மேலாண்மை வசதியுள்ள சுவிட்ச் என்பது உண்மையில் ஒரே உறைக்குள் இரண்டு கருவிகள்: ஃபிரேம் தள்ளும் சுவிட்ச் ஒன்று, அதை ஆட்டுவிக்கும் சிறு கணினி ஒன்று. முகவரி அந்தச் சிறு கணினிக்கு.

அந்தக் கணினி எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது? புதிதாகப் படிப்பவர்கள் இடறும் முதல் இடம் இதுதான். கேட்டலிஸ்ட் 2960 போன்ற இரண்டாம் அடுக்கு சுவிட்சில் வெளியே தெரியும் போர்ட் எதற்கும் ஐபி கொடுக்க முடியாது, கொடுத்தால் ஏற்காது. விலானுக்குள் ஒரு கற்பனை போர்ட் உருவாக்கப்பட்டு, அதன் வழியாக அந்தச் சிறு கணினி இணைகிறது. ‘இன்டர்ஃபேஸ் விலான் 1’ என்று உள்ளே போய், ‘ஐபி அட்ரஸ் 192.168.10.5 255.255.255.0’ என்று கொடுத்து, ‘நோ ஷட்டவுன்’ அடித்து, வெளியே வந்து ‘ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.10.1’ என்று முடித்தால் சாதாரண அலுவலகத்துக்குப் போதும். மூன்றாவது வரியை விட்டுவிடுபவர்கள் நிறைய. எண் சரியாகத் தெரியும், கருவி மட்டும் பேசாது.

பாதுகாப்பு கருதி 99ஆம் விலானுக்கு மேலாண்மையை மாற்றுபவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ‘இன்டர்ஃபேஸ் விலான் 99’ என்று அடித்தால் கற்பனை போர்ட் பிறந்துவிடும்; ஆனால் 99 என்ற விலானை யாரும் உருவாக்கியிருக்காவிட்டால் அது மேலே வராது. விலான் இருந்தாலும், அதைச் சுமக்கும் உண்மையான போர்ட் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். சோதனை மேசையில் ஒரு கேபிளும் செருகாமல் எல்லாம் சரியாக அமைத்துவிட்டு, ஏன் ‘டவுன்’ காட்டுகிறது என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

மூன்றாம் அடுக்கு சுவிட்சுகளில் பொறி வேறு மாதிரி. ‘ஐபி ரூட்டிங்’ இயங்கத் தொடங்கியதும் சிஸ்கோ சுவிட்ச் ‘டிஃபால்ட்-கேட்வே’ வரியைக் கண்டுகொள்ளாது, 0.0.0.0 என்று ஒரு ரூட் எழுத வேண்டும். பழைய வரி அமைப்புக் கோப்பில் அப்படியே நிற்பதால், படித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். மற்ற நிறுவனங்களில் வார்த்தைகள் மாறுமே தவிர யோசனை ஒன்றுதான். எச்பி ப்ரோகர்வ் சுவிட்சுகளில் விலான் பகுதிக்குள்ளேயே முகவரி, மாஸ்க்குக்குப் பதில் /24 என்று எழுதினாலும் போதும். ஜூனிப்பரில் விலானோடு ஓர் இடைமுகத்தைக் கட்டிவிட வேண்டும். விலை குறைந்தவற்றில் பிரவுசரில் முகவரி, மாஸ்க், கேட்வே என்ற மூன்று கட்டங்களை நிரப்பும் பக்கம் ஒன்று.

அந்த மூன்று கட்டங்களில் எது தவறினால் எப்படித் தெரியும் என்பதே களத்தில் பயன்படும் அறிவு. முகவரி தவறினால் எங்கிருந்தும் எட்டாது. உடனே தெரிந்துவிடும், உடனே திருத்திவிடலாம். கேட்வே தவறினால் பக்கத்து மேசையிலிருந்து எட்டும், தலைமை அலுவலகத்திலிருந்து எட்டாது. கேள்வி ரூட்டர் வழியாகச் சுவிட்சுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது, பதில் திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. ‘இங்கே நன்றாகத்தானே வேலை செய்கிறது’ என்று கிளையில் இருப்பவரும், ‘வரவே இல்லை’ என்று தலைமையில் இருப்பவரும் போனில் வாதாடிக்கொண்டிருந்தால், இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். கேட்வே வரியைப் பாருங்கள்.

மாஸ்க் தவறினால் நடப்பது இந்த இரண்டையும் விட விஷமத்தனமானது. 255.255.255.0 என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 255.255.0.0 என்று அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் 192.168.10.5. நிர்வாகியின் கணினி 192.168.20.30, ரூட்டருக்கு அந்தப் பக்கம். தவறான மாஸ்க்கால் சுவிட்ச் அந்தக் கணினி தன் தெருவிலேயே இருப்பதாக நினைக்கிறது. கேட்வேயிடம் கொடுக்காமல், ‘192.168.20.30 யார்?’ என்று தன் விலானுக்குள் ஆர்ப் கேள்வியைக் கத்துகிறது. அங்கே அந்த முகவரி இல்லை. யாரும் பதில் சொல்லக் கூடாது, இணைப்பு செத்திருக்க வேண்டும். ஆனால் ரூட்டர் பதில் சொல்லிவிடுகிறது. 1987இல் ஆவணப்படுத்தப்பட்ட ப்ராக்ஸி ஆர்ப் என்ற ஏற்பாடு சிஸ்கோ ரூட்டர்களில் இயல்பாகவே இயங்கும். வேறு நெட்வொர்க்கில் இருக்கும் முகவரியைப் பற்றி யாராவது கேட்டால், வழி தெரிந்த ரூட்டர் தன் மேக் முகவரியைக் கொடுத்து வேலையை முடித்துவிடும். பிழை இருப்பதே வெளியே தெரியாது.

அப்படியே காலம் போகும். ஒரு நாள் ரூட்டரைக் கழற்றிவிட்டு ஃபயர்வால் மாட்டுகிறார்கள், அதில் ப்ராக்ஸி ஆர்ப் இல்லை. அன்றைக்கு அந்த மாஸ்க்கோடு அமைத்த சுவிட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலாண்மைக்கு எட்டாமல் போகும். பயனர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதால் குழப்பம் இன்னும் கூடும். பழி ஃபயர்வால் மேல் விழும். அதை மாட்டிய ஆள் விதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். நெட்வொர்க் பணியில் ‘நேற்றுவரை ஓடியது’ என்பது சரியாக அமைக்கப்பட்டதற்குச் சாட்சியாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கேட்வேயை மாற்றுவதற்கு முன் எல்லாச் சுவிட்சுகளிலும் மாஸ்க்கைப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்ய வேண்டிய வேலை.

அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே முகவரியோடு வரும் சுவிட்சுகள் தனி ரகம். டி-லிங்கின் பல ஸ்மார்ட் சுவிட்சுகள் 10.90.90.90, டிஎச்சிபி கிடைக்காத நெட்கியர் ஸ்மார்ட் சுவிட்சுகள் 192.168.0.239, சிஸ்கோவின் சிறு வணிக வரிசை 192.168.1.254, தொழிற்சாலைகளில் காணும் மோக்ஸா 192.168.127.253. லேப்டாப்பின் முகவரியைத் தற்காலிகமாக அதே வரம்புக்கு மாற்றி, ஒற்றைக் கேபிளில் சுவிட்சோடு நேராக இணைத்து, பிரவுசரில் நுழைவது வழக்கமான முறை. வேலை முடிந்ததும் லேப்டாப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்து, மறுநாள் இணையம் வரவில்லை என்று தேடாத டெக்னீஷியன் உண்டா?

ஆபத்து எங்கே என்றால், நேராக இணைத்து அமைக்காமல் புதுச் சுவிட்சை ஓடும் நெட்வொர்க்கில் செருகிவிடுவதில். டிபி-லிங்கின் சில மேலாண்மைச் சுவிட்சுகள் 192.168.0.1 என்ற முகவரியோடு வருகின்றன. சின்ன அலுவலகங்களில் ரூட்டருக்கு இருக்கும் முகவரியும் பல நேரம் அதுவே. செருகியதும் ‘192.168.0.1 யார்?’ என்ற கேள்விக்கு இரண்டு குரல்கள் பதில் சொல்லும். யார் பதிலை எந்தக் கணினி நம்பியதோ அதற்கேற்ப சிலருக்கு இணையம் வரும், சிலருக்கு வராது, சற்று நேரத்தில் ஆள் மாறும். முகவரி என்பது சுவிட்சின் வேலைக்கு வேண்டாதது என்று மேலே சொன்னேன். மற்றவர்களின் வேலையைக் கெடுக்க அது போதும். முகவரியை எடுத்துக்கொள்வதற்கு முன் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று சோதிக்கும் முறை 2008இல் தனி ஆவணமாக வரையறுக்கப்பட்டது. அதை எல்லாக் கருவிகளும் கடைப்பிடிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இனி நெடுநாள் வழக்கு: நிலையான முகவரியா, டிஎச்சிபியா? ‘சுவிட்ச், ரூட்டர், சர்வர், பிரிண்டருக்கு எல்லாம் கையால் கொடு, மற்றதற்கு டிஎச்சிபி’ என்பது தலைமுறையாக வரும் பாடம். அதற்குக் காரணம் உண்டு. சுவிட்ச் டிஎச்சிபி சர்வரிடம் முகவரி கேட்க வேண்டுமானால், சர்வருக்குப் போகும் பாதை நன்றாக இருக்க வேண்டும். பாதையில் கோளாறு என்றால்தான் சுவிட்சுக்குள் போக வேண்டிய தேவையே வருகிறது. மின்சாரம் போய்த் திரும்பும்போது சுவிட்சுகள் ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடும், சர்வர் மெதுவாக எழும். இடைப்பட்ட நேரத்தில் முகவரியில்லாத சுவிட்ச் தன் தொழிற்சாலை முகவரிக்கோ 169.254 என்று தொடங்கும் தற்காலிக முகவரிக்கோ போய்விடலாம். கண்காணிப்புத் திரை முழுக்கச் சிவப்பாகும்.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் உள்ள டேட்டா சென்டரில் ஒவ்வொன்றிலும் மூன்று எண்களைக் கையால் அடிப்பது தட்டச்சுப் பிழைகளுக்கு விதை தூவுவது. அங்கே தனி மேலாண்மை போர்ட்டில் டிஎச்சிபி, அதில் மேக் முகவரிக்கு ஒதுக்கிய எண், கூடவே அமைப்புக் கோப்பு எங்கே கிடைக்கும் என்ற தகவல் என்று எல்லாம் தானாக இறங்கும். ரேக்கில் ஏற்றி மின்சாரம் கொடுப்பவருக்கு ஐபி என்றால் என்னவென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை நன்றாக ஓடுவதற்குக் காரணம், அங்கே டிஎச்சிபி சர்வருக்குப் போகும் பாதை பயனர் போக்குவரத்திலிருந்து பிரிந்த தனி நெட்வொர்க் என்பது. அந்தத் தனிப் பாதை இல்லாத இருபது சுவிட்ச் அலுவலகம் டேட்டா சென்டரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. என் தீர்ப்பு இது: தனிப் பாதை இருந்தால் ஒதுக்கீட்டோடு டிஎச்சிபி, இல்லையென்றால் கையால் அடித்த முகவரி. கையால் கொடுப்பவர்கள் அந்த வரம்பை டிஎச்சிபி வழங்கும் தொகுப்பிலிருந்து விலக்கிவைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு நாள் ஒரு விருந்தாளியின் போனுக்குச் சுவிட்சின் எண் போய்ச் சேரும்.

தனியார் பயன்பாட்டுக்கென்று 1996இல் ஒதுக்கப்பட்ட வரம்புகளில் 10 என்று தொடங்குவது மட்டுமே ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். எண்ணில் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை. மாடி எண்ணையும் அறை எண்ணையும் முகவரிக்குள் பொதித்து வைக்கும் வழக்கமும் அழகானதுதான், சுவிட்சைக் கழற்றி வேறு மாடிக்குக் கொண்டுபோகும் வரை.

ஏற்கெனவே உள்ள முகவரியைத் தொலைவிலிருந்து மாற்றுவது இந்தத் துறையின் கழைக்கூத்து. பழைய நெட்வொர்க்கிலிருந்து புதியதற்குச் சுவிட்சை நகர்த்த வேண்டும். நீங்கள் ரூட்டருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகவரியை முதலில் மாற்றினால் அந்த நொடியே உங்கள் இணைப்பு போகும். புது முகவரிக்கு மறுபடி நுழையப் பார்த்தால், கேட்வே இன்னும் பழையதாகவே இருப்பதால் பதில் வராது. சரி, கேட்வேயை முதலில் மாற்றலாம் என்றால், பதில் திரும்பும் வழி அப்போதே அடைபட்டு, முகவரியை மாற்றும் அடுத்த வரியை அடிக்க வாய்ப்பிருக்காது. எந்த வரிசையில் போனாலும் சிக்கல். தப்ப இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, அதே விலானில் உள்ள பக்கத்துச் சுவிட்சில் நுழைந்து அங்கிருந்து இதற்குள் தாவுவது; ஒரே நெட்வொர்க்கில் பேசும்போது கேட்வே தேவைப்படாது, அதை முதலில் மாற்றிவிட்டு முகவரிக்கு வரலாம். இன்னொன்று, இரண்டு வரிகளையும் ஒரு கோப்பில் எழுதிச் சுவிட்சின் ஃபிளாஷில் வைத்து, ஓடும் அமைப்பின் மேல் ஒரே கட்டளையில் ஏற்றுவது. நடுவில் உங்கள் இணைப்பு அறுந்தாலும் சுவிட்ச் கோப்பைப் படித்து முடித்துவிடும்.

எந்த வழியானாலும் முதலில் ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவிட்டு ஆரம்பிப்பது சிஸ்கோ ஆட்களின் பழக்கம். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுதொடக்கம் ஆகும். மாற்றத்தைச் சேமிக்கவில்லை என்பதால் பழைய முகவரியோடு எழும். எல்லாம் சரியாக நடந்தால் ‘ரீலோட் கேன்சல்’ அடித்துவிட்டுச் சேமிக்கலாம். விலை என்னவென்றால், தவறினால் அந்தச் சுவிட்சில் இருக்கும் எல்லோரும் சில நிமிடம் அறுந்துபோவார்கள். ஜூனிப்பர் இதை நாசூக்காகச் செய்கிறது: ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாதபோது மறுதொடக்கமில்லாமலே பழைய அமைப்புக்குத் திரும்பும். மைக்ரோடிக்கில் ‘சேஃப் மோட்’ இணைப்பு அறுந்ததும் மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது. இந்த வசதி எல்லா நிறுவனங்களின் சுவிட்சிலும் ஏன் முதல் நாளிலிருந்தே இல்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

மேலாண்மை முகவரியை யார் யார் எட்டலாம் என்பதும் முகவரி அமைப்பின் பகுதிதான். பயனர்கள் இருக்கும் விலான் 1இலேயே அது கிடந்தால், வரவேற்பறையில் கேபிள் செருகும் எவருக்கும் உள்நுழைவுத் திரை தெரியும். 2018 ஏப்ரலில் இணையத்தில் திறந்து கிடந்த சிஸ்கோ சுவிட்சுகள் பல நாடுகளில் தாக்கப்பட்டன. புதுச் சுவிட்சுகளைத் தானாக அமைக்க உதவும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி 4786ஆம் போர்ட்டில், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் காத்திருந்ததே வழி. ஈரானில் பாதிக்கப்பட்ட கருவிகளில் அமெரிக்கக் கொடியும், எங்கள் தேர்தலில் தலையிடாதே என்ற எச்சரிக்கையும் வைக்கப்பட்டிருந்தன. தனி விலான், நுழைய அனுமதியுள்ள முகவரிகளின் பட்டியல், டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச் மட்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும், பெரிய செலவில்லை.

ஆனால் அடைப்பதில் காட்டும் அக்கறையைத் திறப்பதிலும் காட்ட வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கை முழுக்கத் துண்டித்தது. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. அதைவிட முக்கியம், அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி மேலாண்மைப் பாதையும் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. பொறியாளர்கள் நேரில் போய், கடுமையான பாதுகாப்பைத் தாண்டி, கருவிகளின் முன் நின்று சரிசெய்ய வேண்டியிருந்தது. அங்கே பிரச்சினை ஒரு சுவிட்சின் முகவரியைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

ஐபிவி6 இந்த வழக்கில் ஒரு சின்ன உதவி செய்கிறது. அதை இயக்கிய இடைமுகம் ஒவ்வொன்றும் எஃப்இ80 என்று தொடங்கும் உள்ளூர் முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஐபிவி4இல் எதைக் குளறுபடி செய்தாலும் அதே விலானில் இருக்கும் பக்கத்துக் கருவியிலிருந்து அந்த வழியில் நுழையலாம். கேட்டலிஸ்ட் 2960இல் இதற்கு முன் நினைவக ஒதுக்கீட்டு வார்ப்புருவை மாற்றி மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதால், தேவைப்படும் நாளில் யோசிப்பது பயன்படாது.

முகவரியே தெரியாத சுவிட்ச் கைக்கு வந்தால் அண்டைச் சுவிட்சைக் கேளுங்கள். 2005இல் தரப்படுத்தப்பட்ட எல்எல்டிபியும், சிஸ்கோவின் சிடிபியும் மேலாண்மை முகவரியைப் பக்கத்துக் கருவிக்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கும். அதுவும் அணைக்கப்பட்டிருந்தால் மிச்சமிருப்பது கன்சோல் கேபிள். அதற்கு முகவரி வேண்டாம், விலான் வேண்டாம். புட்டி (PuTTY) போன்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து, 9600 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என்று அமைத்து என்டர் தட்டினால் சிஸ்கோ, ஜூனிப்பர் இரண்டும் பேசும். திரையில் கிறுக்கலாக எழுத்துகள் வந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம், வேகம் பொருந்தவில்லை. மைக்ரோடிக் போன்றவற்றுக்கு 115200.